எட்டாம் நம்பர் அட்டை

அருண்பாண்டி கிட்டங்கிக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. வெள்ள மீட்பு ஒத்திகைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று அவன் வேலை பார்க்கும் கடையில் வந்து கேட்டிருந்தார்கள். போகிறாயா என்றார் முதலாளி. போகிறேன் என்றான். மனைவி பவானி இறந்த இந்த ஏழு மாதத்தில், யார் எதைக் கேட்டாலும் அவன் சரி என்றுதான் சொன்னான்.

ஒன்றில் மட்டும் கறார். மூன்றரை மணிக்குப் பால்வாடி வாசலில் நிற்க வேண்டும். ஓவியாவுக்கு மூன்று வயது. அவனைத் தவிர வேறு யாரோடும் வரமாட்டாள்.

சங்கிலிநாயக்கனூரில் வருசம் ஒருமுறை நடக்கும் ஒத்திகைதான். ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கியின் முன்னால் நின்று, பொறுப்பாளர் சுருளிராஜன் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்.

"மேற்க மலை, கிழக்க ஆறு, தலைக்கு மேல கண்மாய். மலை சரிஞ்சாலும் நமக்குத்தான், ஆறு பெருகுனாலும் நமக்குத்தான். முப்பது வருசத்துக்கு முந்தி ஒரு ஐப்பசியில கண்மாய் உடைஞ்சது. மூட்டை தூக்க வந்த வெளியூரு ஆளுக ஏழு பேரு, இந்தக் கிட்டங்கிக் கீழறையில படுத்திருந்தாக. உள்ள ஆள் இருக்குன்னே யாருக்கும் தெரியல. எண்ணிப் பாக்க நாதியில்ல. ஏழு பேரும் தண்ணியில முங்கிச் செத்தாக. அதனாலதான் இன்னைக்கு ஆளுக்கொரு அட்டை. பத்துப் பேரு உள்ள மாட்டிக்கிட்ட மாதிரி நடிக்கிறீக, பத்துப் பேரையும் மீட்குறோம்."

"சோத்துப் பொட்டலத்துக்கும் அட்டை காட்டணுமா சார்?" என்றாள் மொக்கம்மாள்.

கூட்டம் சிரித்தது. சிவப்பு மையில் நனைத்த துணியைக் காலில் சுற்றியிருந்த பவுனு, "எனக்கு ரெண்டு காலும் போச்சாம்க்கா. இருங்க, ஒரு டீ குடிச்சிட்டு நடந்து வந்திர்றேன்" என்றான்.

மொக்கம்மாள் அருண்பாண்டியைப் பார்த்தாள். "ஏப்பா, செத்த பொணமாட்டம் நிக்கிறயே, உனக்குத்தான் இந்த வேசம் பொருத்தம்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவனுக்கு எட்டாம் நம்பர். கழுத்தில் அட்டையை மாட்டி, செல்போனை வாங்கிக்கொண்டு, அவனை மட்டும் கீழறைக்கு அனுப்பினார்கள்; மற்றவர்களுக்கு வேறு இடங்கள். படி இறங்கியதும் கதவைச் சாத்தி, வெளியே பலகைகளை முட்டுக் கொடுத்தார்கள். இடிபாடு என்று கணக்கு.

உள்ளே இருட்டு. சுவரின் உச்சியில் தெருமட்டத்துக்கு ஒரு கம்பி ஜன்னல், ஒரு சாண் உயரம். அதன் வழியே வந்த வெளிச்சம் தரையைத் தொடவில்லை. அழுகிய சாக்கும் ஊறிய நெல்லும் கலந்த நாற்றம். இத்தனை வருசமாக இங்கே நெல் கிடையாது.

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். வீட்டில் இருப்பதற்கும் இங்கே இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

"வந்துட்டாகளா?"

பக்கத்தில் ஒரு குரல். யாரோ ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னும் இல்லண்ணே," என்றான்.

"வெகுநேரமா இருக்கேன்."

சோற்றுப் பொட்டலத்துக்காக அட்டை வாங்காமல் புகுந்த ஆள் என்று அருண்பாண்டி நினைத்தான். இருட்டில் உருவம் பிடிபடவில்லை. எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"வெளிய உங்களுக்கு ஆள் இருக்கா?" குரல் கேட்டது.

"மக இருக்கா. மூணரைக்குப் பால்வாடிக்குப் போகணும்."

"பேரு?"

"ஓவியா."

குரல் அந்தப் பெயரை இரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தது.

மூன்று மணிவாக்கில் மேலே பலகைகளை இழுக்கும் சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்தவர் நெருங்கினார். ஈரச் சேற்றின் குளிர் முகத்தில் அடித்தது.

"அந்த அட்டையக் குடுங்க. அட்டை இல்லைன்னா எண்ண மாட்டாகளாம். நான் முந்திப் போறேன்."

அருண்பாண்டி யோசிக்கவே இல்லை. கழற்றிக் கொடுத்தான்.

"போங்கண்ணே. நான் பின்னால வாரேன்."

கதவு திறந்தது. "எட்டாம் நம்பர்! அருண்பாண்டி!" என்று மேலிருந்து கூப்பிட்டார் சுருளிராஜன்.

"இருக்கேன் சார்."

அது அருண்பாண்டியின் குரல்.

அவன் வாய் திறக்கவில்லை.

படியேறிய உருவத்தின் முதுகு ஒரு கணம் வெளிச்சத்தில் தெரிந்தது. அருண்பாண்டி போட்டிருந்த அதே நீலச் சட்டை. அவனுடைய தோள். தானும் எழ முயன்றான். கால் இரண்டும் இடுப்பளவு தண்ணீரில் நிற்பதுபோல் கனத்தன. குனிந்து தடவினான். தரை காய்ந்து கிடந்தது.

"பத்துப் பேரும் சரி. கதவப் பூட்டுங்கப்பா, பழைய கட்டடம்," என்றார் சுருளிராஜன் மேலே.

அவன் கத்தினான். அதே நேரத்தில், ஒத்திகை முடிந்ததாகச் சைரன் ஊதியது. அது ஓய்ந்தபோது மேலே ஆளில்லை.

படியில் தவழ்ந்து போய்க் கதவை இடித்தான். கை தோல் உரிந்தது. கீழே வந்து, சுவரோரம் கிடந்த கல்லில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான். பின்தெருவில் ஒருவன் சைக்கிளில் போனான். "முடிஞ்சிருச்சுப்பா! என்னா நடிப்பு!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

பிறகு மொக்கம்மாளின் கால்கள் தெரிந்தன.

"அக்கா! மொக்கக்கா! நான் அருண்பாண்டி. உள்ள வச்சுப் பூட்டிட்டாக."

கால்கள் நின்றன. சேலை முனை ஆடவில்லை.

"அருணு இப்பத்தான மூணு பொட்டலம் தின்னான்," அவள் தனக்குள் பேசுவதுபோல் சொன்னாள். "பிள்ளையக் கூட்டியாரப் போறேன்னு போனான்."

"அது நான் இல்லக்கா!"

"ஆத்தா…" என்று ஒரு முனகல். கால்கள் பின்வாங்கின. ஓடின.

ஏழு மாதமாக மரத்துக் கிடந்த ஏதோ ஒன்று அவனுக்குள் கிழிந்தது. கம்பியை ஆட்டினான். பல்லால் கடித்தான். ஓவியா வேறு யாரோடும் வரமாட்டாள், வரமாட்டாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

தெருவில் காலடி கேட்டது.

ஒரு சின்ன ஜோடி ரோஸ் செருப்பு. பக்கத்தில் இரண்டு வெறுங்கால்கள். நாள்கணக்கில் தண்ணீரில் ஊறியவைபோல் வெளுத்து, உப்பி, விரலிடுக்கில் சேறு. அவை வைத்த இடமெல்லாம் நனைந்தது.

"ஓவியா! ஏய் தங்கம்! அப்பா இங்கன இருக்கேன்!"

ரோஸ் செருப்பு நின்றது. குழந்தை குத்தவைத்து உட்கார்ந்து கம்பிக்குள் எட்டிப் பார்த்தது. ஒரு கை தூரம். அவள் நெற்றிப்பொட்டு தெரிந்தது. அவன் விரலை நீட்டினான். அவள் பயந்து பின்னால் சாய்ந்தாள்.

"அப்பா," என்றாள், நிமிர்ந்து, பக்கத்தில் நின்றவரிடம். "உள்ள யாரோ இருக்காக."

"தெரியும்த்தா," என்றது அவன் குரல். பிரியமான குரல். "அடுத்த வருசம் வந்து எடுப்பாக."

செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

அருண்பாண்டி கம்பியைப் பிடித்தபடியே நின்றான். கை சோர்ந்து, கல்லிலிருந்து இறங்கி, தரையில் துழாவினான்.

இருட்டுக்குள், அவனுக்கு இடம் விட்டு, யாரோ நகர்ந்து உட்கார்ந்தார்கள்.