மணி அடிக்காத ஏரோபிரிட்ஜ்

பதினாலாம் எண் ஏரோபிரிட்ஜ் மணி அடிக்காமல் நகர்ந்தது.

சாய்நாத் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பார்த்தான். ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுகிறவர்களுக்காக அவன் கட்டிய விமான நிலையம் திரையில் நனைந்துகொண்டிருந்தது. வளைகுடாவில் அவன் முன்பு சூப்பர்வைசராக இருந்த அதே இடம். விளக்கு விளக்காக, தூண் தூணாக எழுப்பியிருந்தான். விமானம் வந்து நின்றதும், பயணிகள் இறங்கிவரும் அந்த நீண்ட கூண்டு தானாகவே சக்கரத்தில் உருண்டு, விமானத்தின் கதவைத் தேடி ஒட்டிக்கொள்ளும். உருளும்போது எச்சரிக்கை மணி அடிக்கும். மற்றவை எல்லாம் அடித்தன. பதினாலு மட்டும் ஊமையாகப் போனது. போகட்டும். ஆனால் பதினாலில் விமானமே நிற்கவில்லை.

"ஏன்னா, சிலிண்டர் புக் பண்ணச் சொன்னேனே, அதுக்கு எப்போ டேக்-ஆஃப்?" அடுக்களையிலிருந்து பத்மஜா கேட்டாள்.

"பண்றேன், பண்றேன்."

மதியம்தான். ஆனாலும் ஊர் திரும்பி அவன் குடியிருந்த மாட்டுங்காவின் மேல் மேகம் இறங்கி உட்கார்ந்திருக்க, கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிவந்த பஸ்கள் விளக்குப் போட்டிருந்தன. ஜன்னல் வழியாக ஈரச் சாக்கு வாடையும், பூக்கடைகளில் அழுகும் சாமந்தி வாடையும், அவற்றுக்கு அடியில் எங்கிருந்தோ சூடான ரப்பர் வாடையும் வந்துகொண்டிருந்தன.

போன் அடித்தது. ஒரு காதின் ஹெட்போனை விலக்கி, போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தான்.

"சார், ஆறுமுகத்தாய் பேசுதேன். இங்க மாட்டுங்கா லேபர் கேம்ப்புலருந்து. இன்னிக்கி அவுகளுக்கு வருசம்."

வளைகுடாவில் அவனுக்குக் கீழே வேலை பார்த்து, அங்கேயே செத்துப்போன நம்பிராஜனின் மனைவி. ஒவ்வொரு வருடமும் இதே நாளில் அழைப்பாள். இதே கேள்விதான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன் சார். மணி அடிச்சுதா? காதுல பாட்டு மாட்டிருந்தாருன்னு எழுதிக் குடுத்தீக. அவுகளுக்குப் பாட்டுன்னாலே ஆவாது சார். ரேடியோவ அமத்துன்னுதான் சண்ட போடுவாக."

பதினாலின் மணி அன்று காலையிலிருந்து காரணமில்லாமல் கத்திக்கொண்டே இருந்தது. விமானம் தாமதம், மேலிருந்து ஏச்சு. ஃப்யூஸைப் பிடுங்கிப் பைக்குள் போட்டவன் சாய்நாத். ஏரோபிரிட்ஜின் சக்கரம் உருளும் இடத்தில், சிவப்புக் கோட்டுக்குள், குனிந்து கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்த நம்பிராஜன் கடைசிவரை நிமிரவில்லை. நிமிர அவனுக்குக் காரணம் எதுவும் கேட்கவில்லை.

"சொல்லுங்க சார். நெசத்தச் சொன்னா போதும். நான் யார்ட்டயும் போய் நிக்க மாட்டேன்."

சாய்நாத் திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"அடிச்சுதும்மா. நன்னா அடிச்சுது."

அவள் போனை வைக்கவில்லை.

திரையில் பதினாலு திரும்பியது.

காலி மைதானத்தைச் சுற்றி மெதுவாக, மோப்பம் பிடிப்பதுபோல் திரும்பி, பிறகு நின்றது. அதன் முனையிலிருந்த கறுப்பு ரப்பர் வாய் அவனை நேராகப் பார்த்தது. அவன் காட்சியை இடப்பக்கம் நகர்த்தினான். அதுவும் நகர்ந்தது. வானத்துக்கு ஏற்றினான். அது கழுத்தை உயர்த்தியது. தேடுவது விமானத்தின் கதவை அல்ல என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

ப்ளக்கைப் பிடுங்கினான். திரை இருண்டது.

ஹெட்போனைக் கழற்றினான். மழைச் சத்தம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது. மின்விசிறி சுற்றியது, சத்தம் இல்லை. அடுக்களையில் குக்கரின் மூக்கிலிருந்து ஆவி சீறியது, விசில் இல்லை. பத்மஜாவின் முதுகு தெரிந்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி பலகையில் விழுந்தது. விழுந்தது. ஒலியே இல்லை.

வாசல் கதவு உள்பக்கமாகப் பிதுங்கியது.

நான்கு ஓரங்களிலும் கறுப்பு ரப்பர் மடிப்பு மடிப்பாகக் கசிந்து வந்தது. டீசல் வாடை. ஈரத் தார் வாடை. தாழ்ப்பாள் வளைந்து தரையில் விழுந்தது. சத்தமில்லாமல்.

எழுந்திருக்கப் பார்த்தான். கால் வழுக்கியது. ஈரப் பெயின்ட். நாற்காலியைச் சுற்றி, தரையில், சிவப்புக் கோடு.

அவன் கோட்டுக்குள் இருந்தான்.

வாசலின் இருட்டில் சக்கரம் தெரிந்தது. இரட்டைச் சக்கரம். ஆள் இடுப்பு உயரம். அவசரமில்லாமல் உருண்டது. நிலைப்படியை ஏறியது.

பத்மஜா. கத்தினான். அவள் திரும்பவில்லை. தொண்டை கிழிந்தது. காற்று மட்டும்.

மேஜைமேல் போனின் திரை இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவன் அதன்மேல் வாயை வைத்தான். அடிக்கலை. மணி அடிக்கலை. நான்தான் பிடுங்கினேன். நான்தான். உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது.

சக்கரம் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

அந்த வீட்டில் ஒரே ஒரு சத்தம்தான் மிச்சமிருந்தது. போனுக்குள் அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சார்? ஒண்ணுமே கேக்கலையே சார்."