லிஃப்ட் பேசிய தமிழ்

வியாழக்கிழமைகளில் எங்கள் பக்கம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். மாலைக்குள் வந்துவிடும் என்பார்கள், மழைக்காலத்தில் வராது. அன்று ஜெர்மன் வகுப்பு முடிந்து ஆகுர்டி ஸ்டேஷனிலிருந்து நனைந்துகொண்டே வந்தபோது எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டி முழுவதும் இருட்டில் கிடந்தது. தரைத்தளத்தில் பழைய லிஃப்ட், மடக்குக் கம்பிக்கதவு சாத்தியபடி நின்றது. ஈரச் சுவரின் வாசனை, கிரீஸ் வாசனை, யார் வீட்டிலோ பூண்டு வதங்கும் வாசனை. கைப்பேசி வெளிச்சத்தில் படியேறினேன்.

மூன்றாவது மாடி திரும்பும்போது கேட்டது.

அந்த லிஃப்டைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். யாராவது கம்பிக்கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டால், ஒரு பெண் குரல் இந்தியில் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும்: "க்ருபயா தர்வாஜா பந்த் கரேன்." இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு மனநோய் வந்தபோது, அந்தக் குரல் தமிழுக்கு மாறியது. கதவைச் சாத்து என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. நானும் சாத்தினேன். ஜன்னல், பீரோ, அடுப்படி, எல்லாவற்றையும். கடைசியில் என் அக்கா ஸ்ரீவித்யாவைக் குளியலறையில் வைத்து வெளியே தாழ்போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துதான் திறந்துவிட்டார்கள்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு குரல் இந்திக்குத் திரும்பியது. லிஃப்ட் மறுபடியும் வெறும் லிஃப்ட் ஆயிற்று.

ஆனால் மாத்திரை கையை மந்தமாக்கியது. சிஞ்ச்வடில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பாகங்களின் அளவைச் சோதிப்பது என் வேலை. கம்பெனி ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு அனுப்புவதாகப் பேச்சு இருந்தது. நானோ மாலை வகுப்பில் தூங்கி வழிந்தேன். வெகுநாள் நன்றாக இருந்ததால், அளவை மெல்ல மெல்லக் குறைத்துப் பார்க்க டாக்டர் சம்மதித்தார். சின்ன அறிகுறி தெரிந்தாலும் சொல்லிவிட வேண்டும், பழைய அளவுக்கே போய்விடுவோம் என்றார்.

அறிகுறியை எப்படி அறிவது? எனக்குத் தெரிந்தது தொழிற்சாலை முறைதான். ஒரு அளவுகருவி மேல் சந்தேகம் வந்தால், மாஸ்டர் என்று தனியாக வைத்திருக்கும் கருவியோடு ஒப்பிடுவோம். என் மாஸ்டர் அக்கா. எனக்குக் கேட்பது அவளுக்கும் கேட்டால் அது உலகத்தில் இருக்கிறது. கேட்காவிட்டால் என் தலைக்குள் இருக்கிறது.

எங்கள் வீடு இருக்கும் மூன்றாவது மாடியில் நின்றேன். மின்சாரம் இல்லை. லிஃப்ட் கீழே நிற்கிறது.

"முரளி, கதவைச் சாத்து."

அதே குரல். அவசரமே இல்லாமல்.

அக்கா எமர்ஜென்சி விளக்கோடு கதவைத் திறந்தாள். உள்ளே போனதும் கேட்டேன், இப்போது ஏதாவது கேட்டதா என்று. விளக்கைச் சற்றுத் தாழ்த்தினாள். அவள் முகம் இருட்டுக்குள் போயிற்று.

"எதுடா? மழைச் சத்தம்தான்."

சொல்லிக்கொண்டே, பின்னால் கையை நீட்டித் தாழ்ப்பாளைப் போட்டாள். அதைப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை டாக்டருக்குப் போன் செய்தேன். பழைய அளவு. வகுப்பில் பக்கத்து இருக்கை தீப்தி, ஜெர்மனிக்குத் தலையணையோடு போகப் போகிறாயா என்று கேட்டுத் தோளைத் தட்டி எழுப்பினாள். குரல் நின்றுவிட்டது. சோதனை முடிவு தெளிவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் ஏதோ ஒட்டவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

பிறகு இன்னொரு வியாழக்கிழமை. அன்றும் மின்சாரம் வரவில்லை. லிஃப்ட் கீழே சாத்தியபடி நின்றது. கவனமாகப் பார்த்துவிட்டுத்தான் படியேறினேன். எந்தக் குரலும் இல்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான்; விளக்கு வெளிச்சத்தில் தயிர்சாதம் சாப்பிட உட்கார்ந்தோம். மழை ஓய்ந்திருந்தது.

அக்காவின் கை தட்டில் நின்றது.

என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை, சாப்பிடு என்றாள். மறுபடியும் நின்றது. அவள் கண் கதவுக்குப் போனது. நானும் காதைக் கூர்மையாக்கினேன். பஞ்சு அடைத்ததுபோல் நிசப்தம்.

"நிஜமாவே உனக்குக் கேக்கலையாடா?" என்றாள், மிக மெதுவாக.

தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அன்னிக்கும் கேட்டுச்சு. எனக்கும் கேட்டுச்சுன்னு சொல்லீருந்தா, நீ மாத்திரையே வேண்டாம்னு நிறுத்தீருவே. மறுபடி உன்னை அப்படிப் பாக்க என்னால முடியாது."

தொழிற்சாலையில் மாஸ்டரையும் வருடாவருடம் சோதனைக்கு அனுப்புவோம். நான் என் மாஸ்டரைச் சந்தேகித்ததே இல்லை.

இப்போதும் என் பெயரையா சொல்கிறது என்று கேட்டேன். அவள் தலையசைத்தாள்.

"இல்ல. இப்ப என் பேரை."

நாளைக்கே இருவரும் டாக்டரிடம் போகலாம் என்றேன். அவள் சிரிக்கப் பார்த்தாள். "எதுக்குச் செலவு? உன் மாத்திரையில பாதி குடு."

சிரிப்பு பாதியில் நின்றது.

"முரளி, நிறுத்த மாட்டேங்குது."

கையைக் கழுவாமலே எழுந்து கதவைத் திறந்தேன். அக்கா விளக்கோடு பின்னால் வந்தாள். குளிர்ந்த கிரீஸ் வாசனை முகத்தில் மோதியது.

நான் பார்ப்பதைச் சொல்லாமல், அவள் பார்ப்பதைக் கேட்டேன்.

"லிஃப்ட் எங்கக்கா நிக்குது?"

"நம்ம மாடியில." மூச்சை இழுத்துக்கொண்டாள். "திறந்து கிடக்கு."

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. இந்த ஒருமுறையாவது அவள் பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்றிருந்தது.

கம்பிக்கதவைப் பிடித்தேன். ஐஸ்போல் இருந்தது. துருவின் கிறீச்சொலியோடு இழுத்துச் சாத்தினேன்.

"நின்னுருச்சு," என்றாள் அக்கா.

அவள் தோள் தளர்ந்தது. எனக்கும் மூச்சு வந்தது.

எங்களுக்குப் பின்னால், எங்கள் வீட்டுக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினோம்.