உள்ளே தள்ளிய தண்ணீர்

கூடம் முழுக்கக் காய்ந்து கண்ணாடியாக மின்னியது. வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இடம் மட்டும் மங்கிக் கிடந்தது. நளினி துணியை அழுத்தித் துடைத்தாள், போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். அது அழுக்கே இல்லை. மார்பிளின் பளபளப்பைத்தான் ஏதோ அரித்திருந்தது.

"யாரோ எலுமிச்சம்பழத்த மிதிச்சிருக்காங்க. மாடுங்க!" என்று பல்லைக் கடித்தாள்.

மதியம்தான் கணவனின் அண்ணன் மணியத்தின் சவப்பெட்டி இந்தக் கூடத்திலிருந்து கிளம்பியது. கணவன் விக்னேஸ்வரன் அடம்பிடித்ததால்தான் அதை உள்ளே வைக்கவே சம்மதித்தாள். ஆண்கள் எல்லோரும் சுங்கைப்பட்டாணிச் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வந்து கால் கழுவுவதற்குள் பெண்கள் வீட்டைக் கழுவிவிட வேண்டும். பின்கட்டில் தொடங்கி, பெட்டி போன வழியே தண்ணீரை வாசலுக்கு வெளியே தள்ள வேண்டும். சிடாம் கிரிப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களை விட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தவர்கள் எதை மறந்தாலும் இதை மறக்கவில்லை.

கழுவத் தொடங்கும்போது, உதவிக்கு வந்த பக்கத்து வீட்டு லோகேஸ்வரி இரண்டு போத்தல்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பிளீச்சையும் தண்டாஸ் கழுவுற ஆசிட்டையும் கலந்து ஊத்துமா. வீச்சமே இருக்காது லா."

"கலந்தா வர்ற புகையில அடுத்த பெட்டி உங்களுக்குத்தான் கா. மார்பிள்ல ஆசிட்டே படக்கூடாது. இது தோட்டத்து சிமெண்டுத் தரையா?"

"சரி, தண்ணிய வாசப்பக்கமாவது தள்ளு. உள்ள மட்டும் தள்ளிடாத, போனவரு திரும்பி வந்துடுவாரு."

"போர்ச்சுல இப்பத்தான் புது டைல்ஸ் போட்டிருக்கேன். சாவுத் தண்ணி அதுமேல ஓடணுமா? பின்னாடிதான் லோங்காங் சாக்கடை இருக்கே."

லோகேஸ்வரி முகம் கறுத்து, போத்தல்களோடு போய்விட்டாள். மற்ற பெண்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். போகட்டும் என்று இருந்தது நளினிக்கு. ஆசிட் ஊற்றித் தன் வீட்டுத் தரையைக் கறையாக்கிவிட்டுக் கல்லைக் குறை சொன்னவள்தானே லோகேஸ்வரி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நளினி உதிர்ந்த பூவையும் அரிசியையும் கல்லில் கீறல் விழாமல் மெதுவாகக் கூட்டினாள். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சாபுனைக் கலந்து கழுவினாள். பிறகு ரப்பர் கட்டையால் வாசலிலிருந்து கூடம், பின்னறை, அடுக்களை என்று தண்ணீர் முழுவதையும் உள்ளேயே தள்ளிக்கொண்டு போனாள்.

அந்தப் பின்னறைதான் மணியம் இருந்த இடம். சர்க்கரை நோயில் இடது காலின் பெருவிரல் போய், கட்டுப் போட்ட காலை இழுத்து இழுத்து நடந்த மனிதர். பின்வாசல் வழியாகத்தான் வரவேண்டும், அங்கிருந்து அறைவரை விரித்த பழைய பேப்பரின் மேல்தான் நடக்கவேண்டும் என்பது நளினியின் சட்டம். ஒருநாள் அவளுடைய கைக்குழந்தை பாப்பாவை நடக்கப் பழக்கட்டுமா என்று ஆசையாக விரலை நீட்டினார். "அந்த விரல கழுவுனீங்களா?" என்று கேட்டாள். அவர் விரலை மடக்கிக்கொண்டு போனார். அதை நினைக்கும்போதுகூட அவளுக்கு அருவருப்பைத் தவிர வேறொன்றும் வரவில்லை. இனிப் பாப்பா இந்தத் தரையில் பயமில்லாமல் தவழலாம், அது போதும்.

பாப்பா கூடத்து மூலையில் பிளாஸ்டிக் தடுப்புக்குள் உட்கார்ந்து கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்தது. இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடப் பழகவில்லை.

மங்கலைச் சுரண்டிக்கொண்டிருந்த நளினி நிமிர்ந்தாள். அந்த மங்கலுக்கு ஓரடி உள்ளே இன்னொரு மங்கல்.

சற்றுமுன் அது இல்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் இருட்டுக் கட்ட, ஊதுபத்தி வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாடை மெல்ல எழுந்தது. கட்டு மருந்தும் நனைந்த பேப்பரும் கலந்த வாடை. அவள் விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தாள். குதிகால், பாதம், சின்ன விரல்கள். பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில் கல் பளபளவென்று அப்படியே இருந்தது.

சரக்.

பேப்பரை மிதிக்கும் சத்தம். வீட்டில் பேப்பரே இல்லை. எல்லாவற்றையும் காலையிலேயே குப்பையில் போட்டிருந்தாள்.

விக்னேஸ்வரனுக்கு போன் அடித்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"இப்பத்தான் முடிஞ்சிச்சி. வந்துகிட்டிருக்கோம். வீட்ட கழுவிட்டியா?"

"சீக்கிரம் வாங்க."

சரக்.

மூன்றாவது தடம் கூடத்தின் நடுவில் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பால் சிந்தியது போல் வெளுத்து, கல்லுக்குள்ளிருந்து மேலே வந்தது. அதன் நுனி பாப்பாவின் மூலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

முதன்முறையாக அவளுக்கு டைல்ஸ் மறந்தது. வாளியைத் தூக்கித் தண்ணீரை அந்தத் தடங்களின் மேலேயே கொட்டினாள். கதவை விரியத் திறந்தாள். ரப்பர் கட்டையால் வெறிபிடித்தவள் போல வாசலுக்கு வெளியே தள்ளினாள். புது போர்ச்சின் மேல் சாவுத் தண்ணீர் ஓடியது. ஓடட்டும். "போங்க! தயவு செஞ்சி போயிடுங்க!" என்று கத்தினாள்.

தண்ணீர் போனது. தடங்கள் போகவில்லை.

பின்னால் கரண்டி விழும் சத்தம்.

பாப்பா சிரித்தது.

நளினி திரும்பினாள். தடுப்பின் சிறு கதவு திறந்திருந்தது. உள்ளே யாருமில்லை.

ஈரத் தரையில் பாப்பா நடந்துகொண்டிருந்தது. தள்ளாடாமல். முதுகைக் காட்டி. ஒரு கை தலைக்குமேல் உயர்ந்திருந்தது. எதையோ இறுகப் பிடித்த குட்டி விரல்கள். அந்தக் கைக்கு மேலே ஒன்றுமில்லை. பேப்பரை விட்டுக் கீழே வைத்துவிடக்கூடாது என்பது போல, ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தது.

"பாப்பா!"

திரும்பவில்லை. பின்னறை வாசலைத் தாண்டியது.

வெளியே கார் வந்து நின்றது. "நளினி, கால் கழுவத் தண்ணி கொண்டா!" என்றான் விக்னேஸ்வரன்.

அவள் தரையைப் பார்த்தாள். கூடத்திலிருந்து பின்னறைவரை பெரிய தடங்கள் போயின. அவற்றின் பக்கத்திலேயே, கல்லை அரித்தபடி, சின்னத் தடங்கள். ஒவ்வொன்றும் பூப்போலத் தெளிவாக. அந்தச் சின்ன இடது கால் தடங்கள் எதிலும் பெருவிரல் இல்லை.