இரண்டு சொம்பு நல்ல தண்ணீர்

"ஏனுங்கம்மா, பன்னு தின்னா அது சோறு தின்ன கணக்குங்களா?"

ஐந்து வயதுத் தமிழ்செல்வன் ஒருநாள் இப்படிக் கேட்டான்.

"வயிறு ரொம்புனாச் செரி கண்ணு" என்று அம்மா ஜெயசுதா சிரித்தாள். சிரிக்கும்போதே ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டாள். அதை அக்கா தேவிப்பிரியா பார்த்துவிட்டாள். அவளுக்குப் பதினொரு வயது.

வேலம்பாளையத்தில் எட்டு வீடுகள் கொண்ட ஒரு லைனில் அவர்கள் குடியிருந்தார்கள். அந்த வாரம் பனியன் கம்பெனியில் அவசர ஆர்டர். அம்மா விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். மத்தியானம் ஓடிவந்து, பிள்ளைகளுக்குப் பன்னைப் பிய்த்துக் கொடுத்து, தானும் ஒன்றைத் தின்றுவிட்டு மறுபடி ஓடுவாள். வயிற்றில் புண் இருக்கிறது, நேரத்துக்குச் சோறு சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

பள்ளிக்கு விடுமுறை. "இன்னைக்கு நாமளே அரிசிம்பருப்பு ஆக்கலாம்டா" என்றாள் தேவி.

அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரே குக்கரில் வைக்கும் சாதம்தான். அம்மா செய்யும்போது பக்கத்தில் நின்று பலமுறை உதவியிருக்கிறாள். சின்ன வெங்காயம் உரித்தாள். பூண்டு, தக்காளி, சீரகம் எடுத்து வைத்தாள். மிளகாயைத் தொடவில்லை, அம்மாவின் வயிற்றுக்கு ஆகாது. தமிழ்செல்வன் தெருமுனை மரத்திலிருந்து முருங்கைக்கீரை கொண்டுவந்தான். கீரையைவிடக் காம்புதான் அதிகம்.

நல்ல தண்ணீர்க் குடம் காலி. குழாயில் தண்ணீர் வர இன்னும் இரண்டு நாள் ஆகும். தொட்டியில் போர்வெல் தண்ணீர் இருந்தது.

"அது உப்புத் தண்ணியாச்சேக்கா."

"அப்ப உப்புப் போட வேண்டாம். உப்பு மிச்சம்" என்றாள் தேவி.

பருப்பை முதலில் கொதிக்கவிட்டாள். அரைமணி நேரம் ஆயிற்று. தமிழ்செல்வன் ஒரு பருப்பைக் கடித்துப் பார்த்தான்.

"அக்கா, கல்லு."

தேவி தலையில் கை வைத்துக்கொண்டாள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று அம்மா சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மணி பன்னிரண்டு. அம்மா வர அரைமணி நேரம்தான்.

லைனில் எல்லா வீடுகளும் பூட்டியிருந்தன. பக்கத்து வீட்டு முத்தாத்தாள் வாசலில் மட்டும், தட்டுப் போட்டு மூடிய ஒரு குடம் இருந்தது.

"யாருமே இல்லக்கா. எடுத்துக்க."

"யாரும் இல்லாதப்ப எடுக்கறதுதான்டா பயமா இருக்கு."

தேவி கண்ணை மூடி முருகனிடம் ஒரு வார்த்தை சொன்னாள். பிறகு சரியாக இரண்டு சொம்பு எடுத்தாள். வேகாத பருப்பை அடைக்கு அரைக்கலாம் என்று எடுத்து வைத்துவிட்டு, புதிதாகப் பருப்பும் அரிசியும் கீரையும் மற்றதெல்லாமும் போட்டுக் குக்கரை மூடினாள்.

மூன்றாவது விசில் அடங்கியபோது அம்மா உள்ளே வந்தாள். கையில் பன் பொட்டலம். சோற்று வாசனையில் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு உட்கார்ந்து இரண்டு தட்டுச் சாப்பிட்டாள்.

"பருப்பு பூவா வெந்திருக்குது. தண்ணிக்கு என்ன பண்ணுன அம்மிணி?"

தேவி சொன்னாள். அம்மா திட்டவில்லை. "முத்தாத்தாக்கா வந்ததும் சொல்லிரு" என்று மட்டும் சொன்னாள்.

மாலையில் தேவி போய்ச் சொன்னாள். "ரெண்டு சொம்புத் தண்ணிக்குப் பஞ்சாயத்து வெக்கிறியா கண்ணு? போ, போய் வெளையாடு" என்று முத்தாத்தாள் சிரித்தாள். ஆனால் மறுநாள் காலை அவள் கம்பெனிக்குப் போகும்போது, கையிலிருந்த பாட்டிலில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. தேவி அதைப் பார்த்தாள்.

அதற்கடுத்த நாள் பதினோரு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது, நூல் மாதிரி. ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும். பெரியவர்கள் எல்லாரும் கம்பெனியில். தமிழ்செல்வன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

தேவி முத்தாத்தாளின் குடத்தைக் கழுவிக் குழாயடியில் வைத்தாள். கழுத்துவரை நிறைந்ததும் இடுப்பில் தூக்கிவந்து, இருந்த இடத்திலேயே வைத்துத் தட்டால் மூடினாள். வெளியே வழிந்த ஈரத்தைப் பாவாடையால் துடைத்தாள்.

பிறகுதான் தன் வீட்டுக் குடத்தை எடுத்தாள்.