சிவப்புப் பெட்டியைக் காணோம்!

"கொன்னுட்டியேடீ...!"

அந்த அலறலில் இரண்டாவது மாடியே வாசலுக்கு வந்துவிட்டது.

கட்டிலில் பெரியவர் கிடந்தார். முகம் வீங்கி, உதடு நீலம் பாரித்து... உயிர் போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அலறியவன் அவருடைய ஒரே மகன். இதே ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடியில், கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. அப்பா அட்மிட் ஆகி மூன்று நாளாகியும், மூன்று மாடி இறங்கி வந்து ஒரு தடவை எட்டிப் பார்க்காத உத்தமப் புத்திரன்! வார்டு முழுக்க அதுதான் பேச்சு.

இப்போது மட்டும் லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் பாய்ந்து வந்து, நர்ஸின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான்.

"அந்த ஊசி அவருக்கு ஆகாதுன்னு ஸ்கிரீன்ல சிவப்புப் பெட்டிக்குள்ள கொட்டை எழுத்துல போட்டிருக்குமே! பாக்காமப் போட்டியா?"

"ஸ்கிரீன்ல சிவப்பே இல்ல சார்... சத்தியமா இல்ல..."

"பொய்! போலீஸைக் கூப்பிடுங்க! இவ ஜெயிலுக்குப் போகாம நான் இங்கேயிருந்து நகர மாட்டேன்!"

போலீஸ் வந்தது.

பெண் இன்ஸ்பெக்டர். பின்னாலேயே, தொப்பையைத் தள்ளிக்கொண்டு ஏட்டு.

இன்ஸ்பெக்டருக்கு ஒரு வழக்கம். அழுகிறவர்களின் கையைப் பார்ப்பார். நடிப்பு கண்ணில் வரும். கையில் வராது என்பது அவர் கணக்கு. நர்ஸின் கை, தன் புடவைத் தலைப்பைக் கிழிந்துபோகும் அளவுக்கு முறுக்கிக்கொண்டிருந்தது.

"எனக்குக் கைக்குழந்தை இருக்கு மேடம்... என்னைக் கூட்டிட்டுப் போயிட்டா அது..."



டாக்டர் முன்னால் வந்தார். கையில் டேப்லெட் கம்ப்யூட்டர்.

"கம்ப்யூட்டர்ல எங்களுக்கும் நர்ஸுங்களுக்கும் தனித்தனிப் பக்கம். இது டாக்டர் பக்கம். நீங்களே பாருங்க!"

சிவப்புப் பெட்டி பளிச்சென்று இருந்தது. 'இந்த மருந்து ஒவ்வாது. உயிருக்கு ஆபத்து!'

"இதைப் பாத்துட்டுமா அதே மருந்தைப் போடச் சொன்னீங்க?"

"நான் ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தேன். காய்ச்சல் ஏறுதுன்னு போன் வந்துது. ஸ்கிரீனைப் பாத்துட்டு ஊசி போடுன்னேன். பாக்க வேண்டியது நர்ஸோட பொறுப்பு."

"நீங்க இந்தப் பக்கத்தை எப்பத் திறந்தீங்க?"



"இப்பதான்... அவர் போனதுக்கப்புறம்."

"என்னா சுறுசுறுப்பு..." என்று முனகினார் ஏட்டு.

நர்ஸின் பக்கத்தைத் திறந்தார்கள். பெரியவரின் பெயர், வயது, காய்ச்சல் அளவு... எல்லாம் இருந்தது.

சிவப்புப் பெட்டி இல்லை!

"போட்டுட்டு, பயந்து அழிச்சிருப்பா. அழிக்கிற அதிகாரம் அவளுக்கு உண்டு" என்றார் டாக்டர்.

நர்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"விலங்கை எடுக்கவா மேடம்?"

"இருங்க ஏட்டய்யா. ஸ்கிரீனைப் பெத்தவங்களை முதல்ல பாத்துட்டு வந்துடலாம்."

*

ஐந்தாவது மாடி. மூன்றே மேஜைகள். ஏ.சி. குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவர். ஆஸ்பத்திரியே அவரைக் 'கம்பளி' என்றுதான் கூப்பிடும். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்.

"நர்ஸ் அழிச்சிருந்தா ரெண்டு பக்கத்துலயும் போயிருக்கும் மேடம்" என்றார் எடுத்த எடுப்பில். "அங்க இருக்கு, இங்க இல்லைன்னா... அழிச்சது அவ இல்ல."

இன்ஸ்பெக்டரின் முதுகு நிமிர்ந்தது.

"பின்னே யாரு?"

கம்பளி திரையையே வெறித்தார்.

"டாக்டர் பக்கத்துல இந்தப் பெட்டியே கிடையாதே! நர்ஸ் பக்கத்துக்கு மட்டும்தானே வச்சிருந்தோம்... இது எப்ப அங்க போச்சு?"

விரல்கள் விசைப்பலகையில் ஓடின. ஓடி... சட்டென்று நின்றன.

"ஐயோ..."

"என்ன? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"தலைப்பு, பத்தி, பெட்டி... பக்கத்துல இருக்கற ஒவ்வொண்ணுக்கும் ஒரு டேக், அதாவது திறந்து மூடற ஒரு குறி, உண்டு மேடம். கையால எழுதினா, திறந்ததை மூட மறந்துடுவாங்க, பக்கமே கோணலாயிடும். அதனால பக்கத்தைத் தானாக் கட்டித் தர்ற ஒரு புரோகிராம் எழுதினேன், லைப்ரரின்னு பேரு. அதுல ஒவ்வொரு டேக்கும் ஒரு பொருள். ஆப்ஜெக்ட்டுன்னு சொல்லுவோம். கையில எடுக்கலாம், ஒண்ணுக்குள்ள ஒண்ணு வைக்கலாம், கடைசியில பக்கமா ஆகுன்னா ஆயிடும்."

"சரி. நிஜப் பொருள் மாதிரி."

"அதேதான் வினை!"

கம்பளி எழுந்தார். ஏட்டின் தலையிலிருந்து தொப்பியை எடுத்தார். கம்ப்யூட்டர் திரையின் மேல் மாட்டினார்.

"யோவ்!" என்றார் ஏட்டு, வழுக்கையைத் தடவிக்கொண்டே.

"இப்பத் தொப்பி எங்க மேடம்?"

"ஸ்கிரீன் மேல."

"அவர் தலையில?"

"இல்ல."

"அவ்வளவுதான். ஒரு பொருள் ஒரு இடத்துலதான் இருக்கும். நர்ஸ் பக்கத்துல இருந்த சிவப்புப் பெட்டியை டாக்டர் பக்கத்துக்குள்ள வைக்கச் சொல்லி நேத்து சாயங்காலம் யாரோ ஒரு வரி சேத்திருக்காங்க. வச்ச நிமிஷமே நர்ஸ் பக்கத்துலேருந்து அது கழண்டு போச்சு. காப்பி எடுத்துல்ல வச்சிருக்கணும்!"

"உங்க லைப்ரரி எச்சரிக்காதா?"

"மூச்சு விடாது..." கம்பளியின் குரல் இறங்கியது. "நான் அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன்."



"அப்ப... மத்த நோயாளிங்க?!"

கம்பளி நாற்காலியில் பாய்ந்தார். போர்வை தரையில் விழுந்தது. அந்த வரியைத் தூக்கினார். ஏட்டு ஒவ்வொரு வார்டாகப் போன் போட்டுக் கத்தினார்.

"ஊசி போடாதீங்க! யாருக்கும் எதுவும் போடாதீங்க! ஸ்கிரீனைப் பாருங்க!"

மாடிக்கு மாடி நர்ஸுகளின் திரைகளில் சிவப்புப் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

ஒருவருக்கு மட்டும் அது இனித் தேவைப்படாது.

"அந்த வரியை எழுதினது யாரு?"

கம்பளி அடுத்த மேஜையைப் பார்த்தார். காலி நாற்காலி. படியில் ஓடிய வேகத்தில் அது இன்னும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

*

"எனக்கு அப்பவே தெரியும் மேடம்!" படியிறங்கும்போது ஏட்டுக்கு வாய் நிற்கவில்லை. "வார்டுல விசாரிச்சேன். பெரியவருக்கு இந்த வயசுல கல்யாண ஆசை. எதிர்வீட்டு டீச்சரம்மா மேல. மகனுக்குப் பிடிக்கலை. மூணு மாசமா அப்பனோட பேச்சுவார்த்தையே கிடையாது! வீடு கைமாறிடும்ல? கத்தி வேணாம், விஷம் வேணாம்... ஒரே ஒரு வரி! பழியைச் சுமக்க ஒரு அப்பாவி நர்ஸு!"

கதை கச்சிதமாகத்தான் இருந்தது.

பிணவறை வாசலில், சுவரில் சாய்ந்து நின்றிருந்தான் மகன். எதிர்ப் பெஞ்சில் நர்ஸ்.

"சிவப்புப் பெட்டியை டாக்டர் பக்கத்துல வச்சது நீங்கதானே?" இன்ஸ்பெக்டர் நேராகக் கேட்டார்.

"ஆமா. நான்தான்."

ஏட்டு விலங்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எதுக்கு?"

"நர்ஸுங்களுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமா மேடம்? அவங்க அசந்தா? டாக்டர் கண்ணுலயும் படட்டுமேன்னுதான். அப்பாவுக்குச் சின்ன வயசுலேயே அந்த மருந்தால உயிர் போய்த் திரும்பி வந்திருக்கு."

"அவ்வளவு அக்கறை இருக்கறவர் வந்து பாக்கலையே?"

அவன் தலை குனிந்தது.

"வந்தாப் பேசணும். பேசினா, தப்பு எம்மேலதான்னு ஒத்துக்கணும். அதனால மேலேயே உக்காந்து அவர் பக்கத்தைத் திறந்து திறந்து பாத்துக்கிட்டிருந்தேன். காய்ச்சல் எவ்வளவு, தூங்கினாரா, சாப்பிட்டாரா... எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்? நர்ஸ் பக்கத்துல இருந்த அதே பெட்டியை எடுத்து, டாக்டர் பக்கத்துக்குள்ள..."

நின்றுவிட்டான்.

"அதே பெட்டியை..."

முகம் வெளிறிப்போனது. இன்ஸ்பெக்டரின் தோளுக்குப் பின்னால் பார்த்தான். அங்கே, அவர்கள் பின்னாலேயே இறங்கி வந்திருந்த கம்பளி, போர்வையில்லாமல்.

"அண்ணே... நான் காப்பி எடுத்துத்தானே வச்சேன்?"

கம்பளி தரையைப் பார்த்தார்.

"எடுத்தேன்லண்ணே? சொல்லுங்கண்ணே... எடுத்தேன்ல?!"



அவன் அலறவில்லை. சுவரோடு சரிந்து அப்படியே உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் நீட்டினான்.

"நான்தான் கொன்னேன். கூட்டிட்டுப் போங்க."

ஏட்டு விலங்கைச் சத்தமில்லாமல் பைக்குள் தள்ளிவிட்டார்.

"நீங்க வீட்டுக்குப் போகலாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர், பெஞ்சிலிருந்த நர்ஸைப் பார்த்து. "உங்க மேல தப்பு இல்ல."

நர்ஸ் எழுந்தாள். குழந்தையிடம் ஓடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் அவனிடம் வந்தாள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

"ஊசி போடும்போதுகூட உங்களைப் பத்திதான் சார் பேசினாரு" என்றாள் மெதுவாக. "எம்மவன் மேலதான் இருக்கான், எனக்கு ஒண்ணுன்னா ஓடி வந்துடுவான்னு..."

அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

இன்ஸ்பெக்டர் அவன் கையைப் பார்த்தார். அது காற்றில் எதையோ பிடித்துத் திரும்ப வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார்.

ஜீப்பில் ஏறியதும் ஏட்டு ரிப்போர்ட் தாளை எடுத்தார்.

"மேடம்... ரிப்போர்ட்டுல குற்றவாளின்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டா மேலிடத்துல திட்டுவாங்க. என்னன்னு எழுத?"

இன்ஸ்பெக்டர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பாசம்னு எழுதுங்க ஏட்டய்யா... மூணு மாசமா தலைமறைவா இருந்துச்சுன்னும் சேத்துக்கங்க!"