அளந்து கொடுத்த தண்ணீர்

மூன்று கிளாஸ். அதுவும் பெரிய கிளாஸ் இல்லை, கோப்பிக் கடையில் கொடுக்கிற சின்ன கிளாஸ். காலையில் ஒன்று, மாத்திரையோடு ஒன்று, படுக்கும்போது ஒன்று. நான்காவது கிளாஸைக் கொடுத்திருந்தால் அத்தைக்கு அன்றைக்கே மூச்சு முட்டியிருக்கும். கொடுக்காததால் நான் கொலைகாரி. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இப்படி நினைத்தபடியே தவமணி தோசையைத் திருப்பிப் போட்டாள். ஓரம் கருகிவிட்டது.

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் அவர்களுடையது நான்காவது மாடி. சின்ன வீடு. அன்று சனிக்கிழமை, வீடு நிறைந்து கிடந்தது. கணவனின் அக்கா ஜெயலெட்சுமி தாசேக் கெலுகோரிலிருந்து முந்தின நாளே வந்துவிட்டாள். கோலாலம்பூரில் பேங்க் வேலையில் இருக்கும் கடைசித் தம்பி ஜெயராஜ், கூடத்துத் தரையில் மல்லாந்து, கால்களைச் சுவரில் தூக்கிப் போட்டிருந்தான். மறுநாள் அவன் கடல் பாலத்தில் மாரத்தான் ஓடப் போகிறான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். தன் அம்மா, தவமணியின் மாமியார் அஞ்சலையின் நினைவாக ஓடி, நண்பர்களிடம் நன்கொடை திரட்டி, ரத்தம் சுத்தம் செய்யும் மெஷின் வாங்குவதற்குக் கொடுக்கப் போகிறான். கிட்னி கெட்டுப்போன அத்தை மூன்று வருடம் அந்த மெஷினோடுதான் பிழைத்திருந்தாள். போய் நான்கு வருடம் ஆகிறது.

"தவமணி, இங்க வா" என்று ஜெயலெட்சுமி கூப்பிட்டாள். "ஓட்டம் முடியிற எடத்துல தண்ணி மேசை போடுறாங்களாம். பேப்பர்காரனும் வர்றான். நீ அங்க நின்னு, ராஜு வந்ததும் உன் கையால ஒரு கப் தண்ணி குடு."

"நானாக்கா?"

"பின்ன யாரு, கீழ் வீட்டுச் சீனத்தியா? அன்னிக்கு எங்கம்மாவுக்கு நீளாத கை, நாளைக்கு எங்கம்மா பெத்த புள்ளைக்காவது நீளட்டும். நாலு வருஷமா இங்க கெடந்து எரியுது எனக்கு..." என்று நெஞ்சைத் தொட்டாள். "அதோட விட்டுருவோம்லா. நானும் அதுக்கப்புறம் பேச மாட்டேன்."

தவமணியின் கணவன் வேலு படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்தான். "அக்காவே சமாதானமா போகலாம்னு சொல்றாங்க. ஒரு கப் தண்ணிதானே, மணி."

ஒரு கப் தண்ணிதானே! டாக்டர் மூன்று கிளாஸ் என்று சொன்னபோது இவரும் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். மாக் மண்டினில் உள்ள தொழிற்சாலையில் நாலு பேரை வைத்து வேலை வாங்குகிற மனிதருக்கு, அக்காவைக் கண்டால் மட்டும் நாக்கு உள்ளே போய்விடும். 'பேசிட்டுப் போகட்டும், ரெண்டு நாள்ல கெளம்பிடுவாங்க' என்பார். கிளம்பித்தான் போவார்கள். பேச்சு இங்கேயே தங்கிவிடும்.

"விடுங்கக்கா" என்றான் ஜெயராஜ் தரையிலிருந்தே. "அண்ணிக்கு இஷ்டமில்லன்னா வேணாம். அம்மா தண்ணி தண்ணின்னு தவிச்சது... அத நெனச்சுத்தான் ஒவ்வொரு நாளும் ஓடிப் பழகினேன்." அவன் குரல் உடைந்தது.

அவன்மேல் தவமணிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அந்தச் சனிக்கிழமை அவள் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தாள். லீவில் வந்திருந்த ஜெயராஜைத்தான் அம்மாவுக்குத் துணையாக விட்டுப் போனாள். திரும்பி வந்தபோது அவன் வெளியே போயிருந்தான். அத்தையின் முகத்தில் வெகுநாள் காணாத தெளிவு. கட்டிலடியில் ஒரு காலி பிளாஸ்டிக் பொட்டலம், அதில் இளநீர் வாடை. "ராஜு வாங்கியாந்தான் தாயி... வயிறு குளுகுளுன்னு இருக்கு" என்றாள் அத்தை.  ஆஸ்பத்திரித் தாதி, மிஸ்ஸி, எழுதிக் கொடுத்திருந்த கொடுக்கக் கூடாதவை பட்டியலில் முதல் வரியே அதுதான். அத்தையை டாக்சியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வழியிலேயே அத்தைக்கு நெஞ்சு தாறுமாறாக அடிக்கத் தொடங்கிவிட்டது. தவமணியின் முகத்தைப் பார்த்தே கிழவிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எம்புள்ளைக்குத் தெரிய வேணாம்டி... தெரிஞ்சா அவன் உசுர வச்சிருக்க மாட்டான். சத்தியம் பண்ணு..."

பண்ணினாள். டாக்டரின் காதில் மட்டும் சொன்னாள். ஞாயிறு விடியும்போது அத்தை போய்விட்டாள். பிணத்தைப் பார்த்து ஜெயலெட்சுமி, "ஒரு வாய் தண்ணி குடுக்காம கொன்னுட்டாளே!" என்று மாரில் அடித்துக்கொண்டபோது, தவமணி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள்.

"சரிக்கா, வந்து நிக்கிறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. தண்ணீர் மேசையில் காகிதக் கப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் மிஸ்ஸி காமாரியா, அத்தைக்கு ஊசி ஏற்றிய அதே மலாய்க்காரத் தாதி. "காக் தவமணி!" என்று மலாயில் அக்கா முறை சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் ஜெயராஜ் வந்தான். ஓட்டம் என்று சொல்ல முடியாது, காலை இழுத்து இழுத்து வந்தான். மார்பில் அம்மாவின் படம் குத்தியிருந்தது. தவமணி கப்பை நீட்டினாள். கேமரா பளிச்சிட்டது. அவள் முகத்தைப் பார்க்காமலே குடித்தான்.

"எங்கம்மா மனசு இன்னிக்குத்தான் குளுந்திருக்கும்!" என்று ஜெயலெட்சுமி சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். பிறகு கூடையிலிருந்து ஓர் இளநீர்ப் பொட்டலத்தை எடுத்து, ஸ்ட்ராவைச் செருகித் தம்பியிடம் கொடுத்தாள். "இத குடிப்பா. சூடு தணியும்."

மிஸ்ஸி காமாரியா சிரித்தார். மலாயில் சொன்னார்: "இவர் குடிக்கலாம், கிட்னி நல்லா இருக்கு. எங்க பேஷண்டுங்களுக்கு மட்டும் கொண்டு வந்துடாதீங்க. ஒரு பொட்டலம் இளநீர் போதும், நெஞ்சு நின்னுடும். பாவம், குளிர்ச்சின்னு நெனச்சு ஆசையா வாங்கிக் குடுத்துடுறாங்க." பிறகு தவமணியின் தோளில் கை போட்டார். "இவங்கள மாதிரி பார்த்துக்க ஆள் கெடைக்காது. டாக்டர் மூணு கிளாஸ்னு சொன்னா மூணே கிளாஸ். அளந்து, நோட்டுல எழுதி... மாமியார் அழுதா இவங்களும் அழுவாங்க. ஆனா நாலாவது குடுக்க மாட்டாங்க. அதனாலதான் அந்தம்மா மூணு வருஷம் இருந்தாங்க."

ஜெயலெட்சுமி தம்பி வேலுவின் பக்கம் திரும்பினாள். "டாக்டர் சொல்லியா அளந்தா?"

வேலு செருப்பைப் பார்த்தபடி சொன்னான். "ஆமாக்கா. நானும் அங்கதான் இருந்தேன்."

"அட பாவி! இத சொல்ல நாலு வருஷமா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? என்ன இப்படிப் பேச வச்சிட்டியே..." அவள் பாய்ந்து வந்து தவமணியைக் கட்டிக்கொண்டாள். "நீயாச்சும் சொல்லக் கூடாதாடி? ஐயோ, எத்தன பேச்சு பேசிட்டேன்... மன்னிச்சிருடி, என் கண்ணு..." அவள் கண்ணீர் தவமணியின் கழுத்தில் சூடாக இறங்கியது. இதற்காகத்தானே நான்கு வருடம் காத்திருந்தோம் என்று தவமணி நினைத்தாள். நினைத்த அளவு மனம் இளகவில்லை.

சட்டென்று ஜெயலெட்சுமி முகத்தை நிமிர்த்தினாள். "அப்ப அம்மா அன்னிக்கு எப்படிடி போனா? வெள்ளிக்கிழமை நல்லாத்தானே இருந்தா? சாயந்தரம் வீட்டுல உக்காந்து எல்லாத்தையும் எனக்குச் சொல்லு."

அவள் தோளுக்கு மேலாக ஜெயராஜ் தெரிந்தான். ஸ்ட்ரா உதட்டிலேயே இருந்தது. உறிஞ்சவில்லை. அவன் மிஸ்ஸியைப் பார்க்கவில்லை. தவமணியைப் பார்த்தான்.

கூடாரத்துக்குப் பின்னால் குழாயடியில் அவள் முகம் கழுவப் போனபோது அவனும் வந்தான். நிற்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"உங்களுக்குத் தெரியும்... இல்லண்ணி?"

"தெரியும் தம்பி."

"அம்மாவுக்கு?"

தவமணி தலையசைத்தாள்.

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் பக்கத்தில் குந்தி, முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். வியர்வை உப்பாகக் காய்ந்து நெற்றியில் வெள்ளை வெள்ளையாக நின்றது.

"நீங்க தெரிஞ்சு செய்யல. பெத்தவ கேட்டா, குடுத்தீங்க. மிஸ்ஸி எனக்குச் சொல்லித் தந்தாங்க. உங்களுக்கு யாரும் சொல்லல. பட்டியல நானாவது உங்க கையில குடுத்துட்டுப் போயிருக்கணும்."

"அக்காவுக்குத் தெரிஞ்சா என் முகத்துல முழிக்க மாட்டாங்க, அண்ணி. பேங்க்ல அத்தன பேர் கிட்ட சொல்லிட்டு ஓடியிருக்கேன்..." அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "சாயந்தரம் அக்கா கேட்டா, நெஞ்சு தானா நின்னுடுச்சுன்னு சொல்லிடுங்க. நாலு வருஷம் பொறுத்துக்கிட்டீங்க... இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்."

தவமணி தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

"உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அத்தை சத்தியம் வாங்கினாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. சத்தியம் முடிஞ்சுது. சாயந்தரம் நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"அண்ணி, தயவு செஞ்சு... கொஞ்ச நாளைக்காவது..."

"இல்ல, தம்பி" என்றாள் தவமணி.