தற்கொலைக் கடிதத்தில் ஓர் அடிக்குறிப்பு

'விபத்தில்லாத நாட்கள் : 611'

தொழிற்சாலை வாசலில் இருந்த பச்சை போர்டு அப்படித்தான் சொல்லிக் கொண்டிருந்தது.

அதற்குக் கீழேதான் டாக்டர் சபாபதி கிடந்தார்.

குப்புற!

காலை ஏழு இருபது. ஒரகடத்தில் கார் பிரேக் தயாரிக்கும் அந்தக் கம்பெனியின் வைஸ் பிரசிடெண்ட், மொட்டை மாடியிலிருந்து நேராக சிமெண்ட் தரைக்கு வந்திருந்தார்.

செக்யூரிட்டி நிலவன் போட்ட அலறலில், ஷிப்ட் முடிந்து பஸ் ஏறிக் கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் இறங்கி ஓடி வந்தார்கள்.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் செல்லக்கனி வந்தாள். ஸ்ரீவைகுண்டத்துக்காரி. இந்தப் பக்கம் மாற்றலாகி வந்து நாலு வருஷமாகியும் பேச்சு மட்டும் தாமிரபரணிக் கரையிலேயே நின்றுவிட்டது.

கூடவே ஹெட் கான்ஸ்டபிள் யாக்கோபு. உள்ளூர்க்காரர்.

"மேடம்! சீக்கிரம் முடிங்கன்றாங்க. பத்து மணிக்கு ஃபாரின்லேர்ந்து ஆடிட்டுக்கு ஆள் வருதாம்."

"செத்தவரு அதுவரைக்கும் இப்படியே கெடக்கணுமாமா?"

"இல்ல மேடம்... ஓரமா போட முடியுமான்னு கேக்குறாங்க."

செல்லக்கனி முறைத்தாள். யாக்கோபு அவசரமாக ஒரு காகிதத்தை நீட்டினார்.

"அவர் ரூம் டேபிள் மேல இருந்துச்சு. வேற யாரும் பாக்கல. தற்கொலைதான் மேடம், தெளிவா எழுதிக்கீறாரு."

ஆங்கிலத்தில் டைப் செய்த கடிதம். கையெழுத்து இல்லை. தமிழில் சொன்னால் இப்படி வரும்.

'என் டாக்டர் பட்டம் வெளிநாட்டில், தொலைதூரக் கல்வியில் வாங்கியது. இங்கே எந்தப் பல்கலைக்கழகமும் அதை மதிக்கவில்லை. இந்த அவமானத்தோடு வாழ முடியாது. மதிப்பை இழந்த தலைமை தானாக விலகுவதே நிறுவனத்துக்கு நல்லது.¹ என் சாவுக்கு யாரும் காரணமில்லை.'

செல்லக்கனியின் பார்வை கீழே இறங்கியது. பொடி எழுத்தில் ஒரு வரி.

'1. சபாபதி, முனைவர் பட்ட ஆய்வேடு, அத்தியாயம் 5, பக்கம் 143.'

"ஏட்டையா..."

"மேடம்?"

"சாகப் போற மனுசன் அடிக்குறிப்பு போடுவானா?"

யாக்கோபு தலையைச் சொறிந்தார்.

"நான் பாத்த கேஸ்ல ஒருத்தனும் போட்டதில்ல மேடம்."

"இது கொலை! கடுதாசியை உள்ள வையுங்க. ஒருத்தர் கண்ணுலயும் படக் கூடாது."

---

மொட்டை மாடிக் கதவை எல்லோராலும் திறந்துவிட முடியாது. அடையாள அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். மொத்தம் மூன்று பேரின் அட்டைக்குத்தான் அந்த உரிமை.

ஒருவர் கீழே கிடக்கிறார்.

மீதி இரண்டு பேர் மீட்டிங் ஹாலில், ஏசியிலும் வியர்த்துக் கொண்டிருந்தார்கள். தரக் கட்டுப்பாட்டுத் தலைவி மஞ்சுளா. பயிற்சி மேனேஜர் விமல்.

செல்லக்கனி உட்காரவில்லை. நடந்துகொண்டே கேட்டாள்.

"ஏழு பன்னண்டுக்கு மாடிக் கதவு தொறந்திருக்கு. தொறந்தது உங்க கார்டு, மஞ்சுளா."

மஞ்சுளாவின் முகம் வெளுத்தது.

"நான் மாடிக்கே போகல மேடம்! மெஷின் பக்கத்துல கழுத்துல எதுவும் தொங்கக் கூடாது. சேஃப்டி ரூல். எல்லாரும் ப்ரொடக்ஷன் லைன் வாசல்ல ஹூக்குல கார்டை மாட்டிட்டுத்தான் உள்ள போவோம். யாரு வேணா எடுத்திருக்கலாம்!"

"அங்க கேமரா?"

"லைன் பக்கம் கேமரா வெக்கக் கூடாது மேடம். கஸ்டமர் கண்டிஷன்."

"உங்களை உள்ள யாரும் பாத்தாவளா?"

"ஷிப்ட் மாறுற நேரம்... அவனவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கிட்டிருப்பான். என்னை யாரு கவனிக்கப் போறா?"

மஞ்சுளா கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"மேடம்... என் பொண்ணு இன்னிக்குப் பத்தாவது கணக்குப் பரீட்சை எழுதறா. படப்பையில. ஒரு மணிக்கு நான் கேட்டுல நிக்கலைன்னா பயந்துடுவா. அவளுக்கு என்னை விட்டா யாருமில்ல."

"நேத்து சபாபதியோட சண்டை போட்டியளாமே?"

"போட்டேன்! எட்டு வருஷம்... நம்ம யுனிவர்சிட்டியில, கைடு வீட்டு வாசல்ல கால் கடுக்க நின்னு வாங்கின பிஎச்.டி. என்னுது. இங்க என்னை மேடம்னு கூப்பிடுவாங்க. ஆன்லைன்ல வாங்கினவரை மட்டும் டாக்டர்னுதான் கூப்பிடணுமாம், சர்க்குலரே வந்துச்சு. வயிறு எரியாதா? ஆனா அதுக்காகத் தள்ளி விடுவேனா?"

செல்லக்கனி திரும்பினாள்.

"விமல் சார், நீங்க?"

"நான் அப்போ கேண்டீன்ல இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன் மேடம்."

நிதானமான குரல். கைகள்தான் சும்மா இல்லை. மேஜையில் கோணலாகக் கிடந்த நோட்டை நேராக்கின.

"இவரும் டாக்டர்தான் மேடம்," என்றாள் மஞ்சுளா. "சபாபதி சாரோட அதே யுனிவர்சிட்டி, அதே பேட்ச். அவருக்கு டாக்டர்னு பெயர்ப்பலகை கிடைச்சுது. இவர் ஜி.எம். ப்ரமோஷன் கேட்டப்போ, 'வெளிநாட்டுத் தபால் டாக்டரேட் எல்லாம் நம்ம கம்பெனியில செல்லாது'ன்னு எழுதிட்டாங்க."

"யாரு எழுதினது?"

"சபாபதி சார்தான்!"

செல்லக்கனிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக் கொண்டாள்.

விமல் தோளைக் குலுக்கினான்.

"பழைய கதை மேடம். கம்பெனி வேண்டாம்னா காலேஜுக்குப் போலாம்னு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு இண்டர்வியூ போனேன். 'ரெகுலரா படிச்சிருக்கணும் சார், நம்ம ஊர் பட்டத்துக்குச் சமம்னு இதுக்கு ஈக்விவேலன்ஸ் கிடைக்காது'ன்னு சொல்லி, டீ குடுத்து அனுப்பிட்டாங்க. விட்டுட்டேன்."

"விட்டுட்டிய?"

"வேற என்ன செய்ய?"

நோட்டு இன்னும் கொஞ்சம் நேரானது.

---

மணி ஒன்பதே கால். கம்பெனி எம்.டி.யிடமிருந்து ஆறாவது முறையாக போன் அலறியது. செல்லக்கனி அதை அணைத்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள்.

"மஞ்சுளா... கெளம்புங்க. ஸ்டேஷனுக்கு!"

"மேடம்!"

"சபாபதி ரூம்ல ஒரு தற்கொலைக் கடுதாசி இருந்துச்சு. கொலை செஞ்ச ஆளே டைப் அடிச்சு வெச்சது. அதுல ஒரு அடிக்குறிப்பு கெடக்கு. ஆராய்ச்சி செஞ்சு கை பழகின ஆளுக்குத்தான் அந்தப் பழக்கம் வரும். இந்தக் கட்டடத்துல நெசமா ஆராய்ச்சி செஞ்சது நீங்க ஒருத்திதான்."

மஞ்சுளா அப்படியே நாற்காலியில் சரிந்தாள்.

"என் பொண்ணு... மேடம், ஒரு மணிக்கு என் பொண்ணு கேட்டுல..."

யாக்கோபுவுக்கே மனசு கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டார்.

"விமல் சார், நீங்க போலாம்."

விமல் எழுந்தான். கதவுக்கு மூன்றடி. இரண்டடி நடந்தான்.

"உங்க மேல எனக்குச் சந்தேகமே இல்ல," என்றாள் செல்லக்கனி பின்னாலிருந்து, சாவகாசமாக. "நீங்க காசு கட்டி வாங்கின ஆளு. உங்களுக்கு அடிக்குறிப்பெல்லாம் எங்க வரும்?"

அவன் கால் நின்றது.

போயிருக்கலாம். ஒரே ஓர் அடிதான் பாக்கி! புத்தியுள்ள எவனும் போயிருப்பான்.

"வாங்கல!" என்றான் விமல்.

"என்ன சார்?"

"நான் வாங்கல மேடம். எழுதினேன். மூணு வருஷம்! கம்பெனி பஸ்ல, மடியில லேப்டாப்பை வெச்சு..."

"அட, போங்க சார். எல்லாரும் சொல்லுதது. எங்கேர்ந்தோ காப்பி அடிச்சிருப்பிய."

"ஒரு வரி காப்பி கிடையாது!"

"சரி, விடுங்க. அந்த அடிக்குறிப்புல சபாபதி ஆய்வேடு, பக்கம் முப்பத்தொண்ணுன்னு கெடக்கு. மஞ்சுளா படிச்சவுக, அதான் கரெக்டாப் போட்டிருக்காவ. நீங்களா இருந்தா..."

"முப்பத்தொண்ணா?"

விமலின் குரல் உடைந்தது.

"முப்பத்தொண்ணு லிட்ரேச்சர் ரிவியூ மேடம்! மதிப்பை இழந்த தலைமை விலகணும்ன்ற வரி அங்க எப்படி வரும்? அது முடிவுரை! அஞ்சாவது அத்தியாயம்! பக்கம் நூத்தி நாப்பத்தி மூணு!"

யாக்கோபு ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

செல்லக்கனி முதல் முறையாக உட்கார்ந்தாள்.

"எந்த வரின்னு நான் சொல்லவே இல்லியே, விமல் சார்."

விமலின் கை சட்டைக் காலரை நேராக்கியது.

"அந்தக் கடுதாசியை நானும் ஏட்டையாவும் தவிர ஒருத்தரும் பாக்கல. சபாபதி ஆய்வேட்டுல எந்த வரி எந்தப் பக்கம்னு... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

விமல் சிரித்தான். அழுவதை விட மோசமான சிரிப்பு.

"அவருக்கே தெரியாது மேடம். அவர் அதைப் படிச்சதே இல்ல. ரெண்டு ஆய்வேடும் நான்தான் எழுதினேன். ஜி.எம். ஆக்கறேன்னு சொல்லித்தான் எழுத வெச்சாரு. அப்புறம் செல்லாதுன்னு கையெழுத்துப் போட்டாரு. அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன்..."

"அப்புறம் என்ன?"

"போன வாரம் கூப்பிட்டாரு. 'ஒரு காலேஜ்ல என்னை கௌரவப் பேராசிரியரா போட்டிருக்காங்க, லெக்சர் நோட்ஸ் எழுதிக் குடு'ன்னாரு. எந்தக் காலேஜ் தெரியுமா? எனக்கு டீ குடுத்து அனுப்பின அதே காலேஜ்! ஈக்விவேலன்ஸ் கேக்கலியான்னு கேட்டேன். 'வைஸ் பிரசிடெண்ட் கிட்ட எவன்யா கேப்பான்? அவங்க பசங்களுக்கு நான் வேலை குடுக்கறேன்ல'ன்னாரு. இன்னிக்கு ஹூக்குல தொங்கின மஞ்சுளா மேடம் கார்டை எடுத்துக்கிட்டு, ஆடிட்டுக்கு முன்னால சோலார் பேனலைப் பாக்கணும்னு மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன்..."

மஞ்சுளா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

செல்லக்கனி அவள் தோளைத் தொட்டாள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. உங்களை வெச்சுத்தான் இவரைப் பிடிக்க முடிஞ்சுது. ஒரு மணிக்குப் பொண்ணு முன்னால நில்லுங்க. ஏட்டையா, அம்மாவுக்கு ஒரு வண்டி சொல்லுங்க."

விமல் கையை நீட்டினான்.

"காலேஜ் நம்பல, கம்பெனி நம்பல. நான்தான் எழுதினேன்னு மொதல்ல நம்பினது நீங்கதான் மேடம்."

"நூத்துக்கு நூறு நம்புதேன்!"

யாக்கோபு விலங்கை மாட்டிவிட்டு, பேனாவும் பேப்பருமாக வந்து நின்றார். முகத்தில் பெரிய குழப்பம்.

"மேடம், ரெக்கார்டுல இவர் பேருக்கு முன்னால டாக்டர்னு போடவா, வேணாமா? இது தபால்ல படிச்சதுன்றாங்க..."

"தாராளமாப் போடுங்க ஏட்டையா," என்றாள் செல்லக்கனி தொப்பியை மாட்டிக்கொண்டே. "இனி படிக்கப் போறது புழல் ஜெயில்ல... அங்க தொலைதூரம் கிடையாது. ரெகுலர் மட்டும்தான், அதுவும் ஹாஸ்டலோட!"